கம்பத்துப் பருந்து தரையில் உட்கார்ந்த காலை

எங்கள் வட்டாரத்தில் பருந்து அடையாளம் தெரிய வேண்டுமென்றால் என்னிடம்தான் வர வேண்டும். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான். மூன்றாம் வகுப்போடு பலகையைத் தூக்கிப் போட்டவன் நான். களத்தில் நெல் மூட்டை சுமந்தேன், டிராக்டரில் கிளீனராகத் தொங்கினேன். இன்றைக்குக் குடவாசல் பக்கம் வயலுக்குள் இறங்குகிற செயின் அறுப்பு மெஷின்களில் என் மெஷினுக்கென்று ஒரு மரியாதை இருக்கிறது. எவனும் கை தூக்கி விடவில்லை, நானே ஏறினேன்.

அந்த மெஷின்தான் எனக்குப் பள்ளிக்கூடம். மெஷின் கதிருக்குள் நுழைந்தால் வெட்டுக்கிளி தெறிக்கும், சுண்டெலி ஓடும், காடை விருட்டென்று கிளம்பும். பின்னாலேயே கல்யாணப் பந்திக்கு வருகிற மாதிரி கொக்கும் மைனாவும் கரிச்சானும் வரும். கொஞ்சம் தள்ளி, கூட்டத்தோடு சேராமல் பருந்துகள். இத்தனை வருஷம் மேலே உட்கார்ந்து பார்த்தவனுக்கு எது எதுவென்று தெரியாமல் போகுமா?

ஒரு பொங்கல் சமயம், கழுத்தில் பைனாகுலரோடு சில படித்த பிள்ளைகள் வந்தார்கள். "பூனைப் பருந்து எங்கே ராத்தங்கும், தெரியுமாங்க ஐயா?" என்று கேட்டார்கள். அதுவரை அதற்குப் பூனைப் பருந்து என்று பெயர் என்பதே எனக்குத் தெரியாது. புத்தகத்தில் படத்தைக் காட்டினதும் சிரித்துவிட்டேன். "அட, இந்தத் தரைப் பயலா!" நேராகக் கூட்டிக்கொண்டு போய் வெட்டாற்றங்கரைத் தரிசில் கோரைப்புல் அமுங்கிக் கிடந்த இடத்தைக் காட்டினேன். அந்தப் பிள்ளைகள் வாயைப் பிளந்ததை இன்றைக்கும் நினைத்தால் மீசை தானாகத் தூக்கும்.

அதிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்லுகிற பாடம் இதுதான். குளிர் தொடங்கினால் வருகிற பருந்து பூனைப் பருந்து. ஆண் வெளிர்சாம்பல், பெண் பழுப்பு. உயரே போய் வட்டமடிக்காது. நடவு வயலில் களை பார்க்கிறவர் மாதிரி, பயிருக்கு மேலே ஓர் ஆள் உயரத்தில் இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புக்குப் போகும், திரும்பும். இறக்கை இரண்டையும் மேலே தூக்கினாற்போல் வைத்திருக்கும். முகம் ஆந்தை மாதிரி வட்டம். வால் நீளம், கால் நீளம், கண் மஞ்சள். சத்தமே இல்லாமல் வந்து பொத்தென்று விழுந்து பிடிக்கும். தின்பது தரையில், தூங்குவதும் தரையில்.

இதற்கு நேர்மாறு ஒன்று உண்டு. அதை நான் கம்பத்துப் பருந்து என்பேன், அந்தப் பிள்ளைகள் கருந்தோள் பருந்து என்றார்கள். அதுவும் சாம்பல், அதுவும் வெள்ளை வயிறு. ஆனால் ஆள் குட்டை, வால் குட்டை. தோள் இரண்டிலும் மைக்கூட்டைக் கவிழ்த்தது மாதிரி கறுப்பு. கண் ரத்தச் சிவப்பு. மின்கம்பி, மோட்டார் கொட்டகைக் கூரை, பனைமட்டை, இங்கேதான் உட்காரும். நடுவானில் ஒரே இடத்தில் நின்று இறக்கை அடிக்கும், கீழே விழும், எலியைத் தூக்கிக்கொண்டு மறுபடி கம்பத்துக்கே போய்விடும். தரையில் கால் பாவுவது அதற்குக் கௌரவக் குறைச்சல்.

தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் இருக்கும். மற்றவர்களுக்கு. எனக்கு இல்லை என்று நினைத்திருந்தேன்.

அது மாசி மாதம். முந்தின நாள் சாயங்காலம் என் சொந்த வயலில் சம்பா அறுப்பு முடிந்தது. கதிர் நிற்கும்போதே தெளித்த உளுந்து, அறுத்து நின்ற அடித்தாளுக்குள் பச்சையாக எட்டிப் பார்த்தது. எனக்கு அடுத்த வயல் குத்தகைக்காரர் ஒருவருடையது. அவருக்குத் தாளடி, பிந்தி நட்ட பயிர், இன்னும் பால் பிடிக்கிற கதிர். என் வயல் அறுந்ததும் என் எலியெல்லாம் அவர் வயலுக்குக் குடிபோனது. நடுவில் இருக்கிற எல்லை வரப்பு முழுக்க எலி வளை.

வளை வெட்டி எலி பிடிக்கிற புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர் வருஷா வருஷம் என் வரப்புக்கு வருவார்கள். வாய்க்கால் படுகையில் குடிசை. "எலியும் உங்களுக்கு, வளை நெல்லும் உங்களுக்கு, வரப்பை மட்டும் திரும்ப மிதிச்சுக் கட்டிட்டுப் போங்க." இதுதான் எங்களுக்குள் பேச்சு. நான் அவர்களைக் கேவலமாகப் பார்க்கிறவன் இல்லை. மூட்டை சுமந்த காலத்தில் என் வயிற்றை நிறைத்ததும் அதே எலிக்கறிதான். அதன் ருசி தெரியாதவன் டெல்டாவில் பிறந்து என்ன பிரயோசனம் என்று இன்றைக்கும் கேட்பேன்.

அன்றைக்குக் காலை நான் மெஷின் கழுவுவதைப் பார்க்கப் போனேன். எதிரே ரோட்டில் அவர்கள் இருவரும் வந்தார்கள். மண்வெட்டி, கயிற்றில் கோத்த எலி, முறம் நிறைய மண் கலந்த வளை நெல். பின்னால் செவலை நாய். அந்தம்மா முகமெல்லாம் சிரிப்பு.

"ஐயா, இன்னிக்கு நல்ல முகத்துல முழிச்சிருக்கோம்ங்க. ஒண்ணுகூட ஓடல. வளையத் தொறந்தா தூங்குற புள்ள மாதிரி கெடக்குது. அப்படியே அள்ளிட்டோம்."

"இவ அள்ளுனதவிட நாய் அள்ளுனது சாஸ்தி," என்றார் புருஷன்.

"ஓடுமா பின்ன?" என்றேன் நான். "நேத்து எம் மெஷின் போட்ட சத்தத்துல மயங்கிக் கெடக்கும். வேற எவன் மெஷின்லயாவது இப்படி நடக்குமா?"

மூன்று பேரும் சிரித்தோம். அவர்கள் படுகைப் பக்கம் திரும்பினார்கள்.

என் டிரைவர் ஆத்தூர்ப் பக்கத்துப் பையன், கல்யாணமாகி இரண்டு பிள்ளை பெற்றவன். மெஷினில் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டே, "முதலாளி, எல்லை வரப்புல ஒரு வெள்ளப் பருந்து குந்தியிருக்குதுங்க. வளை வெட்டுறவங்க கெளம்புனதும் வந்து குந்துனது, எந்திரிக்கவே இல்லைங்க," என்றான்.

கையை நெற்றியில் வைத்துப் பார்த்தேன். வயலின் அந்தக் கோடியில் வெளிர்சாம்பலாக ஒன்று, தரையில்.

"அது பூனைப் பருந்துடா. தரையிலதான் குந்தும். அதோட ஜாதகமே தரைதான். இன்னும் கொஞ்ச நாள்ல வடக்க கிளம்பிடும், அதுக்குள்ள நல்லாப் பாத்துக்க."

"உங்களுக்குத் தெரியாததா முதலாளி," என்றான் அவன். அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோய்க் கடைத்தெருவுக்குப் போனேன். டீ குடித்தேன். அங்கே இருந்தவர்களிடம் பூனைப் பருந்தைப் பற்றி ஒரு பிரசங்கம் வைத்தேன். அப்போதுதான் ஒரு ஆசை வந்தது: இவ்வளவு நேரம் அசையாமல் உட்கார்ந்திருக்கிறதே, கிட்டப் போய் போனில் ஒரு படம் பிடித்து அந்தப் பைனாகுலர் பிள்ளைகளுக்கு அனுப்பினால் என்ன?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாளுக்குள் பதுங்கிப் பதுங்கிப் போனேன். பூனைப் பருந்து ரோஷக்காரப் பிராணி, வயலின் பாதியில் ஆள் வந்தாலே எழுந்துவிடும். இது எழவில்லை. இன்னும் கிட்டப் போனேன். எழவில்லை. எனக்குப் பயந்து ஒடுங்குகிறது என்றுகூட நினைத்தேன். போனைத் தூக்கி, படத்தை விரலால் பெரிதாக்கினேன்.

வால் குட்டை.

என் கண்தான் மசமசக்கிறது என்று துடைத்துக்கொண்டு போனை இறக்கிவிட்டு நேராகப் பார்த்தேன். தோளில் கறுப்பு. கண் சிவப்பு. கம்பத்துப் பருந்து! தரையில்! என் வாழ்நாளில் அந்தப் பறவை அப்படி மண்ணில் குந்தி நான் பார்த்ததில்லை. எலியைத் தூக்கின அடுத்த நிமிஷம் கம்பிக்குப் போகிற ஜாதி. இது இரண்டு இறக்கையையும் பரத்தி மண்ணில் ஊன்றிக்கொண்டிருந்தது, கிழவன் கைத்தடி ஊன்றுகிற மாதிரி. கால் விரல்கள் மடங்கி இறுகிப் போயிருந்தன. பக்கத்தில் பாதி தின்ற சுண்டெலி. அலகோரம் ஈரம். என்னைப் பார்த்து வாயைத் திறந்தது, சத்தம் வரவில்லை. அப்படியே பக்கவாட்டில் சாய்ந்தது.

இதைப் பூனைப் பருந்து என்றல்லவா சொல்லிவிட்டுப் போனேன்! தரையில் இருப்பது அதன் இயல்பு என்றல்லவா சொன்னேன்! தரையில் உட்காரும் இயல்பில்லாத பறவை தரையில் இருக்கிறதென்றால்? மருந்து. தின்ற எலியில் மருந்து.

'தூங்குற புள்ள மாதிரி கெடக்குது.'

அந்தம்மா சிரித்த சிரிப்பு அப்படியே கண்முன் வந்தது. நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

குத்தகைக்காரருக்குப் போன் போட்டேன். அவசரத்தில் இரண்டு தடவை வேறு யாருக்கோ போயிற்று.

"தம்பி, எலிக்கு மருந்து வச்சியா?"

"ஆமாண்ணே. நேத்துப் பொழுதுபோக, உங்க மெஷின் கரை ஏறின பொறவு. கதிரெல்லாம் கத்தரிச்சுத் தள்ளுதே, என்ன பண்றது?"

"சொல்ல வேணாமாடா?"

"வரப்பு முனையில துணி கட்டியிருக்கேனே! செவப்புத் துணி. பாக்கலியா நீங்க?"

எங்கள் பக்கம் அது வழக்கம். மருந்து வைத்தால் வரப்பு முனையில் ஒரு குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டிவிடுவார்கள். மாடு ஓட்டுகிறவன், புல் அறுக்கிறவள், வளை வெட்டுகிறவர்கள், யாராக இருந்தாலும் துணியைப் பார்த்தால் ஒதுங்கிவிடுவார்கள். நான் வரப்பின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடினேன். துணியும் இல்லை, குச்சியும் இல்லை. குச்சி இருந்த துளை மட்டும் இருந்தது.

அந்தத் துளையைப் பார்த்ததும்தான் விளங்கிற்று. மெஷின் இறங்குவதற்கு முன்னால் வயலில் போர் குழாய், எல்லைக்கல், பள்ளம் எங்கே இருக்கிறதென்று டிரைவருக்குத் தெரிய நான் குச்சி நட்டுத் துணி கட்டுவேன். பழைய சேலையைக் கிழித்துக் கட்டுவது. எட்டத்திலேயே தெரியட்டுமென்று சிவப்பு. இந்த ஏற்பாட்டை இந்தப் பக்கம் கொண்டுவந்ததே நான்தான் என்று சொல்லிக்கொள்வேன். வேலை முடிந்தால் ஒரு குச்சி வயலில் கிடக்கக் கூடாது, அடுத்த வயலுக்கு ஆகும். இது என் மெஷினின் சட்டம்.

"டேய், குச்சியெல்லாம் எங்கடா?" என்று வயலிலிருந்தே கத்தினேன்.

டிரைவர் மெஷின் ஏணியோரம் கட்டியிருந்த குச்சிக்கட்டைத் தூக்கிக் காட்டினான். "விடிஞ்சதும் வந்து எல்லாத்தையும் புடுங்கிட்டனுங்க முதலாளி. எல்லை வரப்புல இருந்ததையும் விடலைங்க."

ஓடிவந்து கட்டைப் பிரித்தேன். என் சேலைக் கிழிசல்களுக்கு நடுவே ஒரு துண்டு மட்டும் வேறு. சிவப்புக் கட்டம் போட்ட கைலித் துணி. என் வீட்டில் அந்தக் கைலி கிடையாது. டிரைவர் என் முகத்தையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தான். விஷயத்தைச் சொன்னதும் அவன் கையிலிருந்து விழுந்த தண்ணீர்க் குழாய் தானாகத் துள்ளிக்கொண்டிருந்தது, நிறுத்தத் தோன்றவில்லை இருவருக்கும்.

"நம்ம மினி லாரிய எடுத்துக்கிட்டு படுகைக்கு வா," என்று சொல்லிவிட்டு நான் மொபெட்டில் பாய்ந்தேன். அவர்கள் போன் நம்பர் என்னிடம் இல்லை. வருஷா வருஷம் வருகிறவர்களின் நம்பர் எதற்கு, வருவார்கள்தானே என்று இருந்தவன். வாய்க்கால் கரை குண்டும் குழியும். அதில் நான் போன வேகத்தை வேறு யாராவது போயிருந்தால் வாய்க்காலுக்குள்தான் கிடந்திருப்பான். வாயில் சாமி பெயர் வரவில்லை. 'தின்னுடாதீங்க, தின்னுடாதீங்க' என்று மட்டும் வந்தது.

குடிசை வாசலில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. மயிர் பொசுக்கின வைக்கோல் சாம்பல் ஒரு பக்கம். அலுமினியச் சட்டியில் குழம்பு கொதிக்கிறது. மசாலா வாசனை தூக்கியடிக்கிறது. புருஷன் தட்டைக் கழுவி உதறிக்கொண்டிருந்தார்.

வண்டியை ஸ்டாண்டுகூடப் போடவில்லை, அது ஒரு பக்கம் விழுந்தது. நான் ஓடிப்போய்ச் சட்டியை உதைத்தேன்.

எப்படி உதைத்தேன், ஏன் வாயால் சொல்லவில்லை, எனக்கே தெரியாது. சட்டி உருண்டது. குழம்பு மண்ணில் ஓடிற்று. அடுப்பு புஸ்ஸென்று அணைந்தது. அடுத்தவர் அடுப்பில் இருக்கிற சட்டியைக் காலால் தொடுவது, முகத்தில் காறித் துப்புவதைவிடக் கேவலம். அதை அறியாத வீட்டில் நான் பிறக்கவில்லை.

அந்தம்மா எழுந்து நின்றாள். அதுவரை என்னிடம் 'ங்க' போடாமல் பேசாதவள்.

"எஞ் சட்டிய ஒதைக்க நீ யாரு? எலிய எடுத்துக்கன்னு சொன்ன வாய்தான இது? மெஷின் வச்சிருந்தா அடுப்பு வரைக்கும் கால் நீளுமா?"

"மருந்தும்மா! எலியில மருந்து! பருந்து தரையில குந்தியிருக்கு!"

"என்னது?"

"கம்பத்துப் பருந்து! கம்பத்துல குந்துறது தரையில குந்தியிருக்கு!"

புருஷன் தட்டைக் கீழே வைத்தார். "ஐயா, காலையிலயே போட்டுட்டு வந்துட்டீங்களா?" என்று அமைதியாகக் கேட்டார். "பருந்து எங்க குந்துனா எங்க சோத்துக்கு என்னங்க?"

நியாயந்தானே? இடுப்பில் செருகியிருந்த அந்தக் கைலித் துண்டை உருவிக் காட்டினேன். "இது வரப்புல இருந்துச்சு. நாங்க புடுங்கிட்டோம்." சிவப்புத் துணி என்றால் என்னவென்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இருவர் கண்ணும் அந்தத் துணியிலேயே நின்றது.

"நாய் எங்க?" என்றேன்.

கருவேல நிழலில் செவலை படுத்திருந்தது. "அது அங்கனயே வளை மேட்டுல ரெண்ட முழுங்கிடுச்சு. தின்ன மயக்கம், அதான்..." என்று சொல்லிக்கொண்டே அந்தம்மா போய்க் குனிந்தாள். நாயின் வாயில் நுரை. பின்னங்கால் இரண்டும் சைக்கிள் மிதிக்கிற மாதிரி இழுத்துக்கொண்டிருந்தன. பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். வால் நுனி ஒரு தடவை அசைந்தது. பிறகு அதுவும் இல்லை.

அவள் அழவில்லை. திரும்பி என்னைப் பார்த்து, மெதுவாக, "உப்புப் பாத்தேன்," என்றாள்.

"என்னம்மா?"

"கொழம்பு... உப்பு பாத்தேன். உள்ளங்கையில ஊத்தி. ரெண்டு தரம்."

அந்த நேரத்தில் மினி லாரி வந்து நிற்காமல் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ. அவளை முன்சீட்டில் ஏற்றினோம். புருஷன் பின்னால் ஏறி, வெறும் தட்டைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். அதைக் கீழே வைக்கவேண்டுமென்று அவருக்குத் தோன்றவில்லை, வாங்கி வைக்க எனக்கும் தோன்றவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா, "என்ன மருந்து, பேர் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது. மெஷினில் எந்த போல்ட் எந்த நம்பர் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன், இது தெரியாது. அதற்குள், வழியில் நான் போட்ட போனைக் கேட்டுக் குத்தகைக்காரர் மருந்துப் பையோடு ஓடிவந்துவிட்டார். செருப்பு ஒரு காலில்தான் இருந்தது. "நான் துணி கட்டினேண்ணே, சத்தியமா கட்டினேன்," என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். "கட்டினடா, நீ கட்டின," என்று நானும் ஒவ்வொரு தடவையும் சொன்னேன்.

அவளுக்குக் குடலைப் புரட்டிச் சத்தி வந்தது. வியர்த்துக் கொட்டிற்று. ஊசி போட்டார்கள், சொட்டுத் தண்ணீர் ஏற்றினார்கள். பொழுது சாயும்போது எழுந்து உட்கார்ந்தாள். கண்ணில் பட்டது நான். முதலில் கேட்ட கேள்வி: "எஞ் சட்டி நெளிஞ்சிடுச்சா?"

"நெளிஞ்சிருக்கும். வேற வாங்கித் தர்றேன்."

"வேற எதுக்கு? தட்டினா சரியாயிடும். ஒதைக்காம சொல்லியிருந்தா கேட்டிருக்க மாட்டமா?"

"கேட்டிருக்க மாட்டீங்க."

கொஞ்சம் யோசித்தாள். "ஆமா. பருந்து தரையில குந்துதுன்னு சொன்னா எவ கேப்பா?" என்று சிரிக்கப் போனவள், நாய் ஞாபகம் வந்து சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மறுநாள் நாயையும் பருந்தையும் வாய்க்கால் கரையில் ஆழமாகக் குழி வெட்டிப் புதைத்தோம். வளையில் மிச்சம் கிடந்த எலியையும் பொறுக்கிப் போட்டோம். பருந்தைக் கையில் எடுத்தபோது ஒரு கோழிக்குஞ்சின் கனம்கூட இல்லை. கண் சிவப்பு மங்கிப்போயிருந்தது. கிட்டப் போனதால்தானே தெரிந்தது. அந்தப் படமெடுக்கிற ஆசை வந்திருக்காவிட்டால்? வேறு எவனாவது அந்தப் பறவையைப் பார்த்திருந்தால், ஏதோ பருந்து என்று போயிருப்பான், இது நிச்சயம். ஆனால் அதே பறவையை எட்டத்தில் பார்த்துப் பெயர் சொல்லிவிட்டுப் போய் நிதானமாக டீ குடித்தவனும் நான்தான். இரண்டும் ஒரே ஆள் என்பது இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

இப்போது என் குச்சிகளில் வெள்ளை உரச்சாக்குத் துண்டு. சிவப்பு, மருந்துக்கு மட்டும். குத்தகைக்காரர் துணியும் கட்டி, வீட்டுக்கு வந்தும் சொல்லி, போனும் பண்ணுகிறார். தொல்லை தாங்கவில்லை.

இந்த மாசியில் அவர்கள் இருவரும் மறுபடி வந்தார்கள். வருவார்கள் என்று நான் நினைக்கவில்லை. பின்னால் ஒரு கறுப்பு நாய்க்குட்டி, கழுத்தில் கயிறு, அவள் கையில் அதன் முனை. வரப்பில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அந்தம்மா கேட்டாள்:

"ஐயா, உங்க பருந்து எங்க குந்தியிருக்குங்க?"

"அதோ, கம்பியில."

"எட்டக்க நின்னு சொன்னா ஆவாது. கிட்டப் போயிப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. கண்ணு செவப்பா, காலு நெட்டையா?"

டிரைவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தான். இந்த வட்டாரத்தில் என்னிடம் இப்படிப் பேச ஒருத்தருக்கும் துணிச்சல் கிடையாது. நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தாளுக்குள் நடந்தேன். கம்பத்தடி வரைக்கும் போனேன். மேலே பார்த்தேன். குட்டை வால். கறுப்புத் தோள். சிவப்புக் கண் என்னைக் குனிந்து முறைத்தது. நான் இன்னும் ஒரு அடி வைத்ததும் எழும்பி, வானத்தில் ஒரே இடத்தில் நின்று இறக்கையை அடித்து, கீழே ஒன்றும் இல்லையென்று கண்டு, திரும்ப அதே கம்பியில் போய் உட்கார்ந்தது.

இரண்டு கையையும் தூக்கி ஆட்டி, "வெட்டுங்க!" என்று கத்தினேன். குரலில் இருந்த நடுக்கம் அவர்களுக்குக் கேட்டிருக்காது, தூரம்.